முதல்வர் நாற்காலியும் ஆளுநர் நாற்காலியும்

 

நச்சாடை தவிர்த்த ஈசன் கோயில் கொண்ட ஊர் இந்தத் தேவதானம். மேற்கே மலை, மலையடிவாரத்தில் சாஸ்தா கோயில் அணை, சுற்றிலும் தோப்பும் வயலும். இந்த மண்ணிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்த ஒருவரைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். அவர் இந்த மாநிலத்தை மூன்று ஆண்டுகள் ஆண்டார். பிறகு இன்னொரு மாநிலத்துக்கு ஆளுநராகப் போனார். ஆட்சி செய்வது ஒரு வேலை. ஆட்சி ஒழுங்காக நடக்கிறதா என்று சட்டத்தின் பக்கம் நின்று பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டையும் செய்தவர் பூசபாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா. அவரது பொதுவாழ்வுதான் இன்றைய என் பொருள்.

பல நாடுகளில் மாகாண ஆளுநர் என்றால் நேரடியாக நிர்வாகம் செய்கிறவர். ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்துறை அமைச்சர் ஒருவரை முன்மொழிவார், அமைச்சரவை ஒப்புதல் தரும், அவர் மாகாண ஆளுநராவார். சாலையும் சந்தையும் காவலும் அவர் பார்வையில். இன்று ஆளுநராக இருக்கிறவர் நாளை அமைச்சராகலாம். இரண்டும் ஒரே ஏணியின் படிகள். நம் நாட்டில் அப்படியா? இல்லை. நம் அரசியலமைப்பின்படி ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். ஆணைகள் அவர் பெயரில் போகும், முடிவுகளைக் கோட்டையில் இருப்பவர்கள் எடுப்பார்கள். முடிவெடுத்துப் பழகிய ஒருவர், முடிவெடுக்காத நாற்காலியில் போய் உட்காருவது எளிதா? அதற்கு முன் அந்த மனிதர் என்னென்ன கற்றிருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் வாழ்க்கைக்குள் போவோம்.

1898ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் ராஜபாளையத்தில் பிறந்தார். சின்னஞ்சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். பாட்டி வளர்த்த பிள்ளை. வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ். விஜயநகர, நாயக்கர் காலங்களில் வடக்கிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய ராஜுக்கள் சமூகம் அது. 1927இல் காந்தியடிகள் தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தில் ராஜபாளையத்துக்கு வந்தார். கைராட்டையும் கதரும் இந்த வட்டாரத்தில் மும்முரமாக இருந்த நேரம். அந்தக் காற்றில்தான் இளைஞர் குமாரசாமி ராஜா காங்கிரஸ்காரராக வளர்ந்தார். சத்தியாகிரகத்தில் சிறை சென்றார்.

1934இல் டில்லி மத்திய சட்டசபைக்குத் தேர்தல். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரு தொகுதி. அதில் வென்று டில்லிக்குப் போனார். அவரோடு சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள் யார் யார்? சத்தியமூர்த்தி, வி.வி. கிரி, என்.ஜி. ரங்கா, அனந்தசயனம் அய்யங்கார், அவினாசிலிங்கம் செட்டியார். அந்த வரிசையில் நம் ராஜபாளையத்துக்காரரும் ஒருவர். அவர் டில்லியில் உறுப்பினராக இருந்தபோது, 1936 ஏப்ரல் 1ஆம் நாள், சென்னை மாகாணத்தின் வடகோடியிலிருந்து கஞ்சம் பகுதியையும் பிரித்துச் சேர்த்து, ஒரிசா என்று ஒரு புதிய மாகாணம் உண்டாக்கினார்கள். இந்தச் செய்தியைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

1946இல் சென்னை மாகாணத்தில் பிரகாசம் அமைச்சரவையில் அமைச்சர். பிறகு ஓமந்தூரார் ஆட்சி. 1949இல் கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பால் ஓமந்தூரார் விலகினார். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி குமாரசாமி ராஜாவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரின் ஆதரவு அவருக்கு இருந்தது. 1949 ஏப்ரல் 6ஆம் நாள் பதவியேற்றார். விருதுநகர்க்காரர் கட்சிக்குத் தலைவர், ராஜபாளையத்துக்காரர் ஆட்சிக்குத் தலைவர். அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியிலிருந்து இரண்டு பேர்!

அப்போது அந்தப் பதவிக்குப் பிரதம மந்திரி என்று பெயர். 1950 ஜனவரி 26இல் குடியரசு மலர்ந்தது, பதவி முதலமைச்சர் ஆயிற்று. குடியரசு இந்தியாவில் சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சர் அவர்தான். எவ்வளவு பெரிய மாநிலம் என்று எண்ணிப் பாருங்கள். வடக்கே ஸ்ரீகாகுளம், தெற்கே திருநெல்வேலி, மேற்கே மலபாரும் தென் கன்னடமும், நடுவே பெல்லாரி. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று நான்கு மொழி பேசுகிறவர்கள் ஒரே சட்டமன்றத்தில்.

இந்த வட்டாரத்துக்கு அந்த ஆட்சி என்ன செய்தது? ஓமந்தூரார் காலத்தில் நிறைவேறிய ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1949 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் போடுவது ஒரு நாள் வேலை. ஜமீன்களைக் கையகப்படுத்தி, நிலத்தை அளந்து, ரயத்துவாரிப் பட்டா கொடுப்பது ஆண்டுக் கணக்கில் இழுக்கும் வேலை. அந்த வேலையைத் தொடங்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. ஜமீன் ஆட்சியின் கீழ் வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு இதன் பொருளை நான் விளக்கவா வேண்டும்? சேத்தூர் ஜமீன் இருந்த மண்ணில் நின்றுகொண்டுதான் பேசுகிறேன். 1951இல் இந்து சமய அறநிலையச் சட்டம் வந்தது. கோயில் நிலமும் கோயில் வருமானமும் யாருடைய கணக்கில் இருக்க வேண்டும் என்று அரசு வகுத்தது. இதை எதிர்த்து மடங்கள் நீதிமன்றம் போயின. 1954இல் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளைச் செல்லாது என்றது, பலவற்றை ஏற்றது. இன்று நம் கோயிலுக்கு ஒரு செயல் அலுவலர் வருகிறார் என்றால் அந்த ஏற்பாட்டின் வேர் அந்தக் காலத்தில் இருக்கிறது.

நண்பர்களே, இப்போது அவர் ஆட்சியின் கனமான பகுதிக்கு வருகிறேன். பெருமையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போக எனக்கு விருப்பமில்லை.

சட்டக் கல்லூரி மாணவர் எவரையாவது கேட்டுப் பாருங்கள். இந்திய அரசியலமைப்பின் அடிப்படை வழக்குகளைச் சொல்லச் சொல்லுங்கள். ஏ.கே. கோபாலன் வழக்கு என்பார். எதிர்த்தரப்பு யார்? சென்னை அரசு. ரொமேஷ் தாப்பர் வழக்கு என்பார். எதிர்த்தரப்பு யார்? சென்னை அரசு. செண்பகம் துரைராஜன் வழக்கு. சென்னை அரசு. வி.ஜி. ராவ் வழக்கு. அதிலும் சென்னை அரசு. நான்கு வழக்குகளும் எழுந்த நேரத்தில் கோட்டையில் இருந்தவர் குமாரசாமி ராஜா. அரசின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்று குடியரசு கேட்ட முதல் கேள்விகள் அவர் ஆட்சியின் மீது கேட்ட கேள்விகள்.

1949 செப்டம்பரில் சென்னை அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தது. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம், ஆந்திர மாவட்டங்களில் அதன் வெப்பம். அரசு அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஆனால் 1950 பிப்ரவரி 11ஆம் நாள் சேலம் சிறையில் நடந்ததற்கு எந்தக் காரணம் போதும்? சிறைக்குள் அடைபட்டுக் கிடந்த கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். குடியரசு பிறந்து பதினாறே நாள் ஆகியிருந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவரின் உயிருக்கு அரசுதான் காவல். அந்தக் காவல் அன்று தவறியது. முதல்வர் என்ற முறையில் பொறுப்பு அவருடையது. அவரை நேசிக்கிற நம் வட்டாரத்தார் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. காந்தியின் பெயரைச் சொல்லி வளர்ந்த ஒருவரின் ஆட்சியில் இது நடந்தது என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

மார்ச் 1ஆம் நாள், பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று ஆணை பிறந்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். மே 26ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பொது அமைதி என்ற பெயரில் பத்திரிகையை அப்படித் தடுக்க முடியாது, ஆணை செல்லாது என்றார்கள் நீதிபதிகள். மூன்றே மாதத்தில்! விசாரணையின்றிக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலனின் வழக்கில் மட்டும் அதற்கு ஒரு வாரம் முன்பு அரசின் பக்கம் பெரும்பாலும் தீர்ப்பாயிற்று, அவர் சிறையிலேயே இருந்தார். விசாரணையின்றிக் காவலில் வைப்பதை அன்று ஏற்ற அந்த நீதிமன்றம் தன் பார்வையை மாற்றிக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

இனி செண்பகம் துரைராஜன் வழக்கு. இதில் குமாரசாமி ராஜா அரசு நின்ற இடத்தை நான் நெஞ்சாரப் பாராட்டுகிறேன். நீதிக்கட்சிக் காலத்தின் தொடர்ச்சியாக வந்த வகுப்புவாரி அரசாணை அப்போது நடப்பில் இருந்தது. கல்லூரியில் 14 இடங்கள் என்றால், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இது அரசியலமைப்புக்கு முரண் என்று வழக்கு. 1950 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணையைத் தள்ளியது. காங்கிரஸ் அரசு அங்கேயே கையை உதறியிருக்கலாம். அந்த ஏற்பாடு பிறந்தது தங்கள் எதிர்க்கட்சியின் காலத்தில்தானே? உதறவில்லை. உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீடு போனார்கள். 1951 ஏப்ரல் 9இல் அங்கேயும் தோற்றார்கள்.

தோற்ற பிறகு என்ன நடந்தது? தமிழ்நாடு கொந்தளித்தது. பெரியார் போராடினார். 1949இல் பிறந்திருந்த தி.மு.க. போராடியது. காங்கிரஸுக்குள்ளிருந்தும் டில்லிக்குக் குரல் போனது. அந்த ஜூன் மாதமே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய மாநிலங்களுக்கு வழி திறந்தது. இந்தியா முழுவதும் இன்று கல்லூரிகளில் இருக்கும் இடஒதுக்கீட்டுக்கு அந்தத் திருத்தம்தான் வாசல். இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனை பிள்ளைகளின் பட்டப்படிப்பு அந்த வாசல் வழியாக வந்தது! அதே திருத்தம் 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தைச் சேர்த்துப் பத்திரிகையின் வாயையும் சற்று இறுக்கியது. ரொமேஷ் தாப்பர் வழக்கில் தோற்றதற்கு அரசுகள் கண்டுபிடித்த மாற்று வழி அது. முன்னதை வரவேற்கிறேன். பின்னதை என்னால் வரவேற்க முடியவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். குமாரசாமி ராஜாவுக்கு முன் கோட்டையில் இருந்தவர்கள் வெள்ளையர் எழுதிய சட்டத்தின் கீழ் ஆண்டார்கள். குடிமக்களின் அடிப்படை உரிமை என்று எழுதி வைத்த ஏட்டுக்கு முன்னால் நின்ற முதல் முதல்வர் இவர். இவர் அரசு போட்ட ஆணையை நீதிமன்றம் கிழித்துப் போட்டது, ஒரு முறையல்ல, பல முறை. வி.ஜி. ராவ் வழக்கின் இறுதித் தீர்ப்பு 1952 மார்ச் 31இல் வந்தபோது, அவர் பதவியில் இருக்கப்போவது இன்னும் சில நாள்கள்தான். ஒரு சங்கத்தைச் சட்டவிரோதம் என்று அரசு தன் விருப்பத்துக்கு அறிவித்துவிட முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் பலர். தன் ஆணைகளின் மீதே விழுந்த தீர்ப்புகளில் படித்தவர் இவர்.

இன்னொரு பெரும் சுமையைச் சொல்ல வேண்டும். ஆந்திரப் பிரிவினை. 1949இல் மாகாணத்தைப் பிரிப்பது பற்றி ஆராய ஒரு குழு அமைத்தார்கள். அதற்குத் தலைவர் குமாரசாமி ராஜா. உறுப்பினர்களில் பிரகாசம், கோபால ரெட்டி, சஞ்சீவ ரெட்டி, பக்தவத்சலம், டி.டி. கிருஷ்ணமாச்சாரி. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு தமிழ்நாட்டு முதல்வர், தெலுங்கரும் தமிழரும் பாகம் பிரிக்கும் பஞ்சாயத்தில் நடுவில் உட்கார்ந்தார். அவரை எந்தப் பக்கத்தார் முழுதாக நம்பியிருப்பார்கள்? சென்னைப் பட்டணம் யாருக்கு என்ற கேள்வியில் பிரகாசம் ஒப்பவில்லை, தனிக் குறிப்பு எழுதினார். குடியரசு நாளுக்குள் ஆந்திரம் பிறந்துவிடும் என்ற நம்பிக்கை அத்தோடு தள்ளிப்போனது. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் உயிர் விட்ட பிறகுதான் டில்லி அசைந்தது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிறந்தது.

1952 தேர்தலுக்கு வருவோம். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. கைநாட்டு வைக்கும் கூலிக்காரருக்கும் வாக்கு. வீட்டு வாசலைத் தாண்டாத தாய்மார்களுக்கும் வாக்கு. ஆண்டுக்கணக்கில் மழை பொய்த்திருந்தது. ரேஷனும் நெல் கொள்முதலும் விவசாயிகளையும் பட்டணத்தாரையும் ஒருசேரக் கசக்க வைத்திருந்தன. 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. அமைச்சர்கள் பலர் தோற்றார்கள். முதலமைச்சரே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார்.

கொஞ்சம் நின்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தேர்தலை நடத்திய கலெக்டர்கள் யாருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள்? அந்தத் தாசில்தார்கள் யாருடைய அரசாங்கத்தில் சம்பளம் வாங்கியவர்கள்? சொந்த மண்ணில், சொந்த ஜனங்களின் மத்தியில், தன் அரசாங்கத்தின் ஊழியர்கள் எண்ணிய வாக்கில் முதலமைச்சர் தோற்றார். பெட்டி உடையவில்லை, கணக்கு மாறவில்லை. அன்று வாக்களித்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வயிறு சொன்னதைக் கேட்டு அவர்கள் சீட்டைப் பெட்டியில் போட்டார்கள். ஏப்ரல் 10இல் ராஜாஜி பொறுப்பேற்றார். குமாரசாமி ராஜா கோட்டையை விட்டு இறங்கினார்.

இறங்கியவருக்கு இரண்டு ஆண்டு கழித்து அழைப்பு வந்தது. 1954 பிப்ரவரி 10ஆம் நாள் ஒரிசா ஆளுநராகப் பொறுப்பேற்றார். அந்த வடகோடியின் கஞ்சம் ஒரு காலத்தில் நம் சென்னை மாகாணத்தின் பகுதி என்று முன்னால் சொன்னேனே, அந்த ஒரிசாதான்.

அங்கே நிலைமை எப்படி? சென்னையைப் போலவே 1952இல் அங்கும் காங்கிரஸுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. 140 இடங்களில் 67. எதிரே பழைய சமஸ்தான மன்னர்கள் முன்னின்ற கணதந்திர பரிஷத். முதலமைச்சர் நபகிருஷ்ண சௌத்ரி, காந்தியவாதி, பூமிதானத்தில் மனம் ஊன்றியவர். 1955இல் வினோபா ஒரிசாவில் கால்நடையாக நடந்தார், கோராபுட் மலைக் கிராமங்கள் ஊரோடு நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தன. அதே ஆண்டு மகாநதி கரை உடைத்துப் பெருவெள்ளம். ஹிராகுட் அணை எழுந்துகொண்டிருந்தது, அதன் நீர்ப்பரப்புக்காக மக்கள் ஊரை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஜமீன் ஒழிப்பு, மெலிந்த பெரும்பான்மை, உணவுக் கவலை என்று கோட்டையில் தான் பட்ட பாடுகள் எல்லாம் அங்கே இன்னொருவர் தலையில் இருப்பதை அவர் பார்த்தார். பார்க்கலாம், கேட்கலாம், எச்சரிக்கலாம். முடிவெடுப்பவர் சௌத்ரி.

இன்னும் ஒரு பொருத்தம் இருக்கிறது. இவருக்கு முன் ஒரிசா ஆளுநராக இருந்தவர் பசல் அலி. மாநிலச் சீரமைப்பு ஆணையத்துக்குத் தலைவர் அவர்தான். 1955 செப்டம்பரில் அந்த ஆணையம் அறிக்கை தந்தது. சராய்கேலாவும் கர்சவானும் தங்களுக்கு வேண்டும் என்ற ஒரிசாவின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1956 ஜனவரியில் கட்டக்கிலும் பூரியிலும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூடும் நடந்தது. சென்னையில் தெலுங்கருக்கும் தமிழருக்கும் நடுவே உட்கார்ந்த மனிதர், எல்லைக் கோடு ஒன்று மக்கள் மனத்தை எப்படிக் கீறும் என்று அங்கே மறுபடியும் கண்டார். முதல்வராக இருந்தபோது அவர் கையில் காவல்துறை இருந்தது. ஆளுநராக இருந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு பேனாவும் அனுபவமும். மாநில அரசைத் தாண்டித் தனி அரசு நடத்தும் ஆசை அந்த அனுபவம் உள்ளவருக்கு வராது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆளுநர்களைப் பற்றிச் சண்டை ஓயாத இந்தக் காலத்தில், அந்தப் பதவிக்கு யாரை அனுப்புவது என்று யோசிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மக்களிடம் ஓட்டுக் கேட்டவர், ஆண்டவர், நீதிமன்றத்தில் தோற்றவர், தேர்தலிலும் தோற்றவர். அப்படி ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் முதலமைச்சரின் கஷ்டம் சொல்லாமலே விளங்கும்.

1954 ஏப்ரலில் காமராஜர் சென்னையின் முதலமைச்சரானார். அப்போது குமாரசாமி ராஜா ஒரிசாவில். இந்த மாவட்டத்தின் இருவரில் ஒருவர் ஆட்சியில், ஒருவர் ஆளுநர் மாளிகையில். இன்று காமராஜர் பெயரைச் சொல்லாத ஊர் இல்லை. மற்றவரின் பெயரை ராஜபாளையத்துக்கு வெளியே எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்? பிள்ளைகளே, ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருக்கிறது. அது அவர் தம் சொந்த வீட்டைக் கொடுத்து உண்டாக்கியது. பேருந்தில் போனால் பக்கம்தான். போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 1952 தேர்தலைப் பற்றியும் ஜமீன் போன காலத்தைப் பற்றியும் கேள்விப்பட்டதைச் சொல்லச் சொல்லி எழுதி வையுங்கள். புத்தகங்களில் அவர் பகுதி மெலிந்து கிடக்கிறது. அதை நிரப்ப வேண்டியவர்கள் இந்த வட்டாரத்துக்காரர்கள்.

1956 செப்டம்பரில் ஆளுநர் பதவியை விட்டு விலகினார். அந்த நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைந்தன. மலபார் கேரளத்தோடு போனது, தென் கன்னடத்தின் பெரும்பகுதி மைசூரோடு போனது. 1957 மார்ச் மாதம் குமாரசாமி ராஜா தம் 58ஆம் வயதில் காலமானார். அதே மாதம் சென்னை மாநிலம் இரண்டாம் பொதுத் தேர்தலில் வாக்களித்தது. 1952 தேர்தலில், அவர் ஆண்ட மாநிலத்தின் சட்டமன்றத்துக்கு 375 இடங்கள். பிரிந்து சுருங்கிய மாநிலத்துக்கு இந்தத் தேர்தலில் 205.